நன்றிக்கறி

போன மாதம் பண்ணைப் பக்கத்துக் கடையொன்றுக்கு
நண்டுக்கறியை நன்றிக்கறி என்று அடித்துவிட்டேன்.
இருநூறு அட்டை, பளபளப்புத் தாள்.
முதலாளி கோபிக்கவில்லை.
"விடு பிள்ளை,
வெள்ளையள் தமிழ்ப்பக்கம் திருப்பமாட்டினம்,
எங்கட ஆக்கள் விலையை மட்டும்தான் வாசிப்பினம்."

இந்த நகரத்துக்கு யார் எதைத் தின்ன வருகிறார்கள் என்பது
அச்சகத்தில் எனக்குத்தான் முதலில் தெரியும்.
ரொறன்ரோவிலிருந்து வந்த பிள்ளைகளுக்குப் பீற்சா,
அவர்களின் தகப்பனுக்கு ஒடியல்கூழ், அதுவும் பிளாவில்.
நெதர்லாந்துக்காரி ஒருத்திக்கு
உறைப்பில்லாத கணவாய்.
நயினாதீவுக்குப் போகிற பஸ்காரருக்குப்
பருப்பும் சம்பலும், சிங்களத்தில், பெரிய எழுத்தில்.

இன்று பின்னேரம் எட்மன் வந்தார்.
குருநகர். ஆறு வருடம் பாங்கொக்கில்
ஒரு கடிதத்துக்குக் காத்திருந்தவர்.
கடிதம் வரவில்லை.
சமைக்கப் பழகிக்கொண்டு அவர் வந்துவிட்டார்.

ஸ்ரான்லி வீதியில் கடை. ஆறு மேசை.
"மேல 'தாய் உணவு' எண்டு போடு தங்கச்சி."

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தேன்.
அண்ணை, அம்மா சமையல் எண்டெல்லோ சனம் உள்ளிடும்,
புட்டும் சொதியும் கேக்கும்.
தாய்லாந்து எண்டு போடுவமே?

யோசித்தார்.
யோசிக்கும்போது அவரது வலது கை
இல்லாத சட்டியொன்றைப் பிரட்டிக்கொண்டிருந்தது.
"போர்ட் எழுதுறவன் எழுத்துக்கு எழுத்து காசு கேக்கிறான்.
விடு. பிழைச்சு வாறவையும் இருந்து சாப்பிடட்டும்."

அதன் பிறகு ஒவ்வொரு வரியும் ஒரு வழக்கு.
தொம் எண்டால் கொதிக்கிறது,
யம் எண்டால் கலக்கிறது.
அப்ப கூழ் எண்டே போடட்டோ என்றேன்.
முகம் மாறிவிட்டது.
"கூழ் எல்லாரும் சுத்திவர இருந்து குடிக்கிறது.
இது தெருவில நிண்டு,
பொலிஸ் வருதோ எண்டு பார்த்துக்கொண்டு குடிக்கிறது."

றாலை றால் என்றே விட்டோம்.
சிங்களத்தில் சேர என்கிற அந்தப் புல்லுக்குத்
தமிழில் என்னவென்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
வாசப்புல் என்று நானே வைத்தேன்.
கா என்றொரு வேரைத் தேடிச் சந்தை முழுக்க அலைந்து
கடைசியில் நாட்டு மருந்துக்கடையில் கண்டாராம்:
பேரரத்தை, நூறு கிராம் பொட்டலம்.
ஐந்து கிலோ கேட்டதும்
"அவ்வளவு இருமலோ தம்பி?" என்றாராம் கடைக்காரர்.

உறைப்புக்குச் சிவப்பு மிளகாய்ப் படம்.
வெளிநாட்டாருக்கு ஒன்று, கொழும்பாருக்கு இரண்டு.
எங்களுக்கு?
அட்டையில் இடம் காணாது, அண்ணை.

அடியில் அவர்களின் எழுத்தில் ஒரு வரி வேண்டுமென்றார்.
எழுத்துரு இல்லை.
பில் துண்டின் பின்பக்கத்தில் அவரே கீறினார்,
வட்டம் வட்டமாய், நூல் கழன்ற தையல் போல.
"சாப்பிட்டாச்சோ எண்டு கருத்து.
அங்க சுகமோ எண்டு கேக்கிறது குறைவு, இதைத்தான் கேப்பினம்.
நான் கோப்பை கழுவின கடையில நொய் எண்டொரு அக்கா,
பொலிஸ் போன பிறகு
காஸ் சிலிண்டருக்குப் பின்னால எட்டிப் பார்த்து..."

அதற்கு மேல் சொல்லவில்லை.
துண்டை ஸ்கானரில் வைத்து மூடினேன்.
வெளிச்சம் ஒருமுறை போய் வந்தது.

போகும்போது போத்தலில் கொஞ்சம் தந்தார், சூடாக.
வெள்ளிக்கிழமை அண்ணை, நான் சைவம்.
"அப்ப நாளைக்குக் குடி. நாளைக்குப் புளிப்பு இன்னும் கூடும்."

கீழே வழமைபோல
நன்றி, மீண்டும் வருக என்று அடித்துவிட்டு
நண்டு என்று விழுந்திருக்கிறதா என
இரண்டு தரம் பார்த்தேன். இல்லை.

போத்தலின் மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது.
இருந்தும் மையும் தாளும் மணக்கிற இந்த அறையில்
தேசிக்காய், கடல், இருமல் மருந்து.
மணி ஏழரை.
வெள்ளி முடிய இன்னும் நாலரை மணித்தியாலம்.